எனக்குப் படம் கழுவப் பழக்கியவர்

இன்று மெல்பேர்ன் கேரம் டவுன்ஸ் கோயில் சாப்பாட்டு மண்டபத்தில், வடையும் கையுமாக இருந்த என்னைக் காட்டி ஒருவர் தன் பேத்தியிடம் சொன்னார்:

"இவவுக்குப் படம் கழுவப் பழக்கினதே நான்தான்."

கடிக்கப்போன வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

எழுபதுகளில், இதே மெல்பேர்னில், மட்பாண்டமும் புகைப்படமும் நான் படிப்பித்த மாலை வகுப்பில் அவர் மாணவர். எஞ்சினியர்.

தொழிற்சாலை வேலை முடிந்து களைத்து வரும் கிரேக்கப் பெண் ஒருத்தி முதல் நாளே சக்கரத்தில் சட்டி எழுப்பினாள். இவருடைய களிமண் மூன்றாம் மாதமும் சுவரில்தான் போய் ஒட்டியது. கேட்டால், "சக்கரத்தின்ரை டிசைன் பிழை" என்பார்.

ஈரம் காயாத சட்டியைச் சூளையில் வைக்க வேண்டாம் என்றேன். வைத்தார். அது வெடித்து, பக்கத்திலிருந்த கிரேக்கப் பெண்ணின் சட்டியையும் உடைத்தது.

"அவவின்ரை சட்டி மெல்லிசு" என்றார்.

கடைசி நாள், எல்லாரையும் மிஞ்சிய சட்டிகளோடு நிறுத்திப் படம் எடுத்தேன். படம் கழுவ, இருட்டறையில் ஃபிலிமைக் கமராவிலிருந்து வெளியே எடுத்த நேரம் பார்த்து, கதவை அகலத் திறந்தார்.

"என்ன, சரிவந்திட்டுதோ?"

வெளிச்சம் பட்டு முழு ஃபிலிமும் கறுத்துப்போனது.

இன்று அந்தப் பேத்தி ஆசையாகக் கேட்டாள்: "அன்ரி, அந்த கிளாஸ் போட்டோ ஏதும் இருக்கா?"

"இல்லைப் பிள்ளை. ஏனெண்டு அப்பப்பாவைக் கேள்."

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பாத்தியே? அப்ப இவவுக்குப் படம் கழுவத் தெரியாது."

ஆதாரம் முழுக்க அவர் பக்கம்தான். ஆசிரியர்மாரே, உங்களை உருவாக்கிய மாணவர் யார்?