அக்காவின் நாற்காலியும் ஒரே டேப்பும்

மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அக்கா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சரிவில் வழுக்கி முழங்கால் போன பிறகு, ஃபேக்டரி கேட்டை ஒட்டி எடை போடும் இடத்தில் மேனேஜர் அவளை உட்காரவைத்தார். நாற்காலி, தலைக்கு மேல் கூரை. அக்காவுக்கு அது கலெக்டர் உத்தியோகம்.

எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு புரோகிராம் வேண்டும் என்று மேனேஜர் சொன்னதும், அக்கா சும்மா இருக்காமல் என்னைக் கைகாட்டிவிட்டாள். நான் குன்னூரில் வீட்டிலிருந்தபடி கோவைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவள். என் வேலை சர்வர் பக்கம். திரையில் பொத்தான் வைத்துப் பழக்கமில்லை. அதை அக்காவிடம் சொன்னால் கேட்கவா போகிறாள்.

முதலில் நான் செய்த கம்ப்யூட்டர் ஜன்னலில் மூன்று டேப் இருந்தன. இலை கொண்டுவரும் விவசாயியின் பெயர் ஒன்றில், எடை ஒன்றில், மழை ஈரத்துக்கான கழிவு ஒன்றில். ஒரு சாக்கை முடிக்க மூன்றுக்கும் தாவ வேண்டும். அக்கா எப்படியோ பழகிக்கொண்டாள். வேறு யாருக்கும் பிடிபடவில்லை. அக்கா உட்கார்ந்தும் மழை நாளில் வரிசை ரோடு வரை நீண்டது.

"ஏனுங்க, இது சரிப்பட்டு வராதுங்க. இந்த வாரத்துக்குள்ள எல்லாம் ஒரே பக்கத்துல வரோணும். இல்லீனா பழையபடி கிளார்க்கே நோட்டுல எழுதிக்கட்டும்" என்றார் மேனேஜர். கிளார்க் எழுதினால் அக்கா மறுபடியும் மலைக்குத்தான்.

மூன்றையும் ஒரே டேப்பில் சேர்க்கச் சொல்லி புரோகிராமை மாற்றி எழுதினேன். அதுவோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேப்பைத் திறந்து வைத்தது. மாற்றி மாற்றி மல்லுக்கட்டியதில் என் கோபத்துக்கு மௌஸ்தான் அடி வாங்கியது. பிறகுதான் விளங்கியது: ஒரு டேப் ஒரே ஒரு விட்ஜெட்டை, அதாவது திரையில் வைக்கும் ஒரே ஒரு உறுப்பைத்தான் ஏற்கும். அந்த ஒன்று காலிச் சட்டமாக இருந்தால் அதற்குள் எத்தனையையும் அடுக்கலாம்.

எனக்கு இது புதிதே அல்ல. சிலோனிலிருந்து வந்த எங்கள் குடும்பத்துக்கு எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அப்பா பெயரில் ஒரு காம்பராதான் கொடுத்தார்கள். லயத்து அறையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குள் சித்தப்பா குடும்பமும் சேர்ந்து இருந்தது. காலிச் சட்டத்துக்குக் 'காம்பரா' என்றே பெயர் வைத்து மூன்றையும் உள்ளே தள்ளினேன்.

அவசரத்தில் அந்தப் பெயர் டேப்பின் தலையிலும் தங்கிவிட்டது. மறுநாள் காலை ஃபேக்டரியில் நான் அதைத் திறந்து காட்டியபோது, "காம்பரானா கம்ப்யூட்டர் வார்த்தைங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஆமாங்க சார்" என்றாள் அக்கா. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மழை பெய்தும் வரிசை நீளவில்லை. பெயரைத் தொட்டால் தராசிலிருந்து எடை வந்து உட்காரும், கழிவைப் போட்டால் முடிந்தது. அக்கா சாப்பிடப் போன நேரத்தில் கேட் வாட்ச்மேன் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் தடங்கல் இல்லாமல் வந்தது.

"இத்தன சுளுவா இருந்தா இதுக்குத் தனியா ஆள் எதுக்குங்க? வாட்ச்மேனே பாத்துக்குவாரு" என்றார் மேனேஜர். முழங்காலைப் பற்றி எடுத்துச் சொன்னேன். "பாக்கலாமுங்க" என்றார். திங்கட்கிழமை அக்கா கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு சரிவுக்குப் போனாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

சில நாளில் மேனேஜர் போன் செய்தார். அவர்களுடைய இன்னொரு ஃபேக்டரிக்கும் இதேபோல் ஒன்று வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எடை போடுறது யாரு?" என்று கேட்டாள்.

"யாரோ ஒரு பொம்பளையாம்."

"அப்ப அவளத் தவிர யாருக்கும் புரியாத மாதிரி செஞ்சு குடு" என்றாள் அக்கா.