பாதி வோல்டேஜில் ஓர் இஸ்திரிப் பெட்டி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான், பி.எஸ்சி. இயற்பியல். மறுநாள் சேலத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. இருந்த ஒரே நல்ல புடவையைத் தேய்க்க எடுத்தேன். எங்கள் மலையூரான கரடியூரில், பக்கத்து எஸ்டேட்டில் காபிப் பழத்தின் தோலுரிக்கும் மெஷின் ஓடும்போதெல்லாம் எங்கள் வீட்டு பல்பு மங்கிவிடும். அன்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டி சூடே ஆவலையே கண்ணு?" என்றாள் அம்மா.

பெட்டியில் 230 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தது. வகுத்தால் 115 ஓம், பெருக்கினால் 460 வாட்.

"வோல்டேஜ் பாதிதாம்மா இருக்கும். அப்ப கரண்டும் பாதி, சூடு கால்வாசி. சீலை மேலயே வெச்சிரலாம்" என்றேன் பெருமையாக.

அம்மா நம்பாமல் புடவைமேல் ஈரத்துண்டை விரித்தாள். மெதுவாகச் சூடேறட்டும் என்று பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. நானும் அதில் மிதந்தேன். மெஷின் நின்றபோது, அமைதி எவ்வளவு அழகு என்று மட்டுமே தோன்றியது. வோல்டேஜ் முழுதாக ஏறி, சூடு நான்கு மடங்கானது உறைக்கவில்லை.

கருகல் வாடைக்கு அம்மாதான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். புடவை தப்பியது, துண்டில் பெட்டியளவு ஓட்டை.

"கணக்கு சரிதானுங்க டீச்சரம்மா, துண்டத்தான் காணோம்!" என்று கேலி செய்தாள்.

இப்போதும் கணக்குப் போடுகிறேன். ஆனால் விளக்கு மங்கினால், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஜன்னல் பக்கம் போகிறேன்.