இடது தோளுக்கு ஒரு கட்டை

பல்செட் செய்து கொடுப்பது என் தொழில். மெல்பன் நகரின் ஸ்பிரிங்வேலில் சின்னதாக ஒரு கிளினிக். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் குறை சொல்லத்தான் வருவார்கள். இங்கே குத்துகிறது, அங்கே ஆடுகிறது, மென்றால் மேலே கிளம்புகிறது. கேட்டுக்கொண்டே ராவிக் கொடுப்பேன். குறை சொல்லும் பக்கம் நானே போய் நிற்க வேண்டி வந்தபோது, அது எனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத இடமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குறி சுடப் போவேன். மலேசியாவின் கிள்ளானிலிருந்து இங்கே படிக்க வந்த காலத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். காகித இலக்கும், மூச்சை அடக்கும் அந்த ஒரு நொடி அமைதியும் எனக்குப் பிடித்துப்போயின. என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். துப்பாக்கியைத் துவக்கு என்பார்; அவர் வளர்ந்த ஊரில் அதற்கு அர்த்தம் வேறு. கல்யாணமான புதிதில் சுடும் மைதானத்துக்கு வந்தாலும் காரை விட்டே இறங்க மாட்டார். இப்போது மடக்குக் கதிரையும் பிளாஸ்க்கும் கொண்டுவந்து, தள்ளி உட்கார்ந்து ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பார். துப்பாக்கியைத் தொட்டது மட்டும் கிடையாது.

நான் இடக்கைக்காரி. ஆளும் குள்ளம். கடையில் கிடைக்கும் துப்பாக்கிகளோ உயரமான வலக்கைக்காரர்களுக்கு ஏற்றவை. வருஷக்கணக்காகக் கழுத்தைக் கோணிக்கொண்டே சுட்டேன். கடைசியில், எனக்கென்று ஒரு கட்டை செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். கட்டை என்பது துப்பாக்கியின் மர உடல். தோளில் பதிவதும் கன்னம் சாய்வதும் அதில்தான். குழலும் விசையும் பழையதாகவே இருக்க, கட்டையை மட்டும் ஆளுக்குத் தக்கபடி செய்து மாட்டிக்கொள்ளலாம்.

மெல்பனுக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒருவர் அதைச் செய்கிறார் என்றார்கள். போனேன். கை நீளம், கழுத்து, கன்னம் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டார். வால்நட் மரம் தேர்ந்தெடுத்துத் துப்பாக்கியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வந்து சேர்ந்தது.

பெட்டியைத் திறந்ததும் மனசு விட்டுப்போயிற்று. வார்னிஷில் தூசி ஒட்டிக் காய்ந்திருந்தது. பிடியில் செதுக்கிய குறுக்குக் கோடுகள் பாதியிலேயே வழி தவறிப் போயிருந்தன. தோளில் படும் ரப்பர் ஒரு பக்கம் மரத்தைத் தாண்டித் துருத்தியது. என் கைக்கு ஒரு விரற்கடை நீளம் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, குழல் மரத்தில் எங்கும் படக்கூடாது. இதிலோ வலது பக்கம் காசே நுழையும் இடைவெளி, இடது பக்கம் காகிதம்கூட நுழையவில்லை.

கணவர் எட்டி நின்று பார்த்தார். "இதென்ன, கட்டில் காலுக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரிக் கிடக்கு."

கட்டை செய்தவருக்குப் போன் செய்தேன். "கையால் செய்தது. கொஞ்ச நாள் சுடுங்கள், பழகிவிடும்" என்றார் அவர்.

பழகிவிடும்! ஈறு புண்ணாகி வரும் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னால் பல்லைக் கழற்றி என் மேசையிலேயே வீசிவிட்டுப் போவார்.

"சும்மா விடப் போறீரோ?" என்றார் கணவர்.

"விட மாட்டேன்லா. சனிக்கிழமை நேர்லயே போறேன்."

"அப்ப நானும் வாறன். பிளாஸ்க் எடுக்கிறன்."

பட்டறையில் கட்டை செய்தவர் கைகட்டி நின்றார். மரம் என்றால் அசையத்தான் செய்யும் என்று ஆரம்பித்தார். நான் கைப்பையிலிருந்து நீலக் காகிதத்தை எடுத்தேன். கடி பார்க்கும் காகிதம் அது. பல்லுக்கு இடையே வைத்துக் கடிக்கச் சொன்னால், உயரமாக இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அதைக் குழலுக்கு அடியில் விரித்து, திருகுகளை இறுக்கி, மறுபடி கழற்றித் தூக்கினேன். இடது பக்கம் நெடுக ஒரே நீலம். வலது பக்கம் சுத்தமாக இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நான் அனுப்பும்போது இப்படி இல்லை."

"இருக்கலாம். இப்போது தொடுகிறது" என்றேன்.

"அப்படியானால் நீங்களே எடுத்துவிடுங்கள்" என்று, உருண்டைக் குச்சியில் சுற்றிய உப்புத்தாளை என் பக்கம் தள்ளினார். கோபத்தில்தான் சொன்னார். நான் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். காகிதம் வை, இறுக்கு, கழற்று, நீலம் பட்ட இடத்தை மட்டும் தேய். தினமும் செய்வதுதானே.

என் கையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். பிறகு, "அழுத்தாதீர்கள், மரம் தானாகவே வரும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பின்பக்க வேலையை அவரே வாங்கிக்கொண்டார். கட்டையை என் தோளில் வைத்துக் காட்டச் சொல்லி, அதிகமாக இருந்த விரற்கடையை அறுத்தெடுத்து, ரப்பரை மரத்தோடு சமமாகத் தேய்த்தார். குழலைக் கழற்றி வைத்திருந்ததால் வெறும் கட்டைதான் மேசையில் கிடந்தது. அதைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. கணவர் எழுந்து வந்து பிடித்தார்.

"மரம்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கோடுகளைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். கட்டை செய்தவர் விரலால் தடவிப் பார்த்தார். "தொட்டால் இன்னும் கெடுத்துவிடுவேன். அவசரத்தில் செய்த வேலை. மன்னியுங்கள்." அந்தப் பதிலே எனக்குப் போதுமாக இருந்தது. மிச்சம் இருந்த நீலக் காகிதத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மைதானத்தில் கட்டையைத் தோளில் வைத்தபோது கன்னம் தானாகவே போய் இடத்தில் அமர்ந்தது. கழுத்து நிமிர்ந்தே இருந்தது. குண்டுகள் இலக்கில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. பரிசு வாங்கும் சுடுதல் இல்லை, என் கணக்கில் அது பெரிசு. கோணல் கோடுகள் மட்டும் ஒவ்வொரு முறையும் விரலில் தட்டின. இப்போதும் தட்டுகின்றன. வாராவாரம் கொஞ்சம் எரிச்சல் வரும், போகும்.

"எப்பிடி?" என்று கேட்டார் கணவர், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி.

"இன்னும் ஒழுங்கா செஞ்சிருக்கலாம்."

"ஓம், ஆனால் சிரிச்சுக்கொண்டெல்லோ சொல்லுறீர்."

பெட்டியைப் பூட்டிக் காரில் ஏற்றினோம். அவருக்குப் பசி. போகிற வழியில் எங்கே சூப் குடிப்பது என்று பேசிக்கொண்டே கிளம்பினோம்.