பங்குக் கிணத்துல வெச்ச பொட்டி

கிணத்து மோட்டாருக்குப் பொட்டி செஞ்சு விக்கறதுன்னா பாதி எலக்ட்ரானிக்ஸ், பாதி பஞ்சாயத்து. காலேஜ்ல எங்களுக்கு முதல் பாதியைத்தான் சொல்லிக்குடுத்தாங்க. சொந்தமா ஒரு பொருளைச் செஞ்சு, அதைத் தூக்கிக்கினு ஊர் ஊரா அலைஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, நானும் உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன்.

நாங்கன்னா ரெண்டே பேர். நான் வெண்ணிலா, திண்டிவனம். சென்னையில சாஃப்ட்வேர் வேலையை விட்டுட்டு வந்தவ, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்டெல்லாவுக்கு விழுப்புரம். என்கூட படிச்சவ, சால்டரிங் அயனைப் பிடிச்சான்னா பக்கத்துல இடி விழுந்தாலும் கை ஆடாது. திண்டிவனத்துல ஒரு டயர் கடைக்கு மேல மாடியில எங்க கம்பெனி. நாங்க செய்யற பொட்டியை மோட்டார் கொட்டாயில மாட்டிட்டா, வீட்டுல இருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். மோட்டாருக்கு வேண்டிய மும்முனை கரண்டு நாள்ல சில மணி நேரம்தான் வரும்; வந்ததும் பொட்டியே கூப்பிட்டுச் சொல்லும். இதுதான் ஏற்கெனவே கடையில கிடைக்குதேன்னு கேப்பீங்க. கிடைக்குது. எங்களுது ஏன் வேறன்னு சொல்லத்தான் போறேன், அவசரப்படாதீங்க.

போர்டு மாட்டின அன்னிக்கு

போர்டுல கம்பெனி பேரை எழுதி, கீழ ‘தொழில்நுட்ப ஸ்டார்ட்டப்’னு போட்டிருந்தோம். எனக்கு அதைப் பாக்கப் பாக்க பெருமை தாங்கல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு நாலஞ்சு போட்டோ எடுத்துக்கிட்டேன். அன்னிக்கே ஒரு அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாங்க. கூட அவங்க பொண்ணு. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க கம்ப்யூட்டரும் கையுமா உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு, கவர்மென்ட் பரிச்சைக்குக் கோச்சிங் குடுக்கற இடம்னு நினைச்சுட்டாங்க. “ஃபீஸு எவ்ளோங்க?”ன்னு கேட்டுக்கினே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாச்சு.

நான் ஆரம்பத்துல இருந்து விளக்கினேன். நாங்க படிப்பை முடிச்சவங்க, சொந்தமா ஒரு பொட்டி கண்டுபிடிச்சிருக்கோம், இதுதான் எங்க தொழில், இனிமே பத்துப் பேருக்கு நாங்கதான் வேலை குடுக்கப் போறோம்னு ஒரு சின்ன சொற்பொழிவே ஆத்தினேன். அந்தம்மா பொறுமையா கேட்டாங்க. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்து, நிஜமான வருத்தத்தோட சொன்னாங்க: “அடப் பாவமே, ரெண்டு பேருக்குமே இன்னும் வேலை கிடைக்கலையா?”

ஸ்டெல்லாவோட குரல்

பொட்டியில பேசறது ஸ்டெல்லாவோட குரல். ஸ்டூடியோவுக்கெல்லாம் போகல. மாடியில ஜன்னலை சாத்திட்டு, தலையில போர்வையைப் போத்திக்கினு என் போன்லயே பேசினா. “மோட்டார் ஓடுதுங்க.” “கரண்டு வந்துடுச்சுங்க.” அவ்ளோதான். கீழ டயர் கடையில சுத்தியல் சத்தம் நிக்கற நேரமா பாத்து ஒவ்வொரு வார்த்தையா பிடிச்சோம்.

ஓமந்தூர் பக்கம் ஒரு பெரியவருக்கு மாட்டிக் குடுத்தோம். கொஞ்ச நாள் கழிச்சு, “உங்க பொட்டி என்னைப் பாதியில விட்டுட்டுப் போயிடுதும்மா”ன்னு கம்ப்ளைன்ட். என்னடா இது, சிக்னல் பிரச்சினையான்னு பதறிப்போய் நேர்ல போனோம். அவர் எங்க எதிர்லயே போட்டுக் காமிச்சார். “மோட்டார் ஓடுதுங்க”ன்னு சொல்லிட்டு போன் கட்டாயிடுச்சு. எல்லாம் சரியாத்தானே இருக்குன்னேன். அவர், “சரிம்மா, சந்தோஷம், வெச்சிடட்டுமான்னு நான் சொல்றதுக்குள்ள கட் ஆயிடுதே”ன்னார். இது மிஷினுங்க, ரெக்கார்டு பண்ண குரலுங்கன்னு நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. இன்னிக்கும் எங்க பொட்டி ஒவ்வொண்ணும் பேசி முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா காத்திருந்துட்டுத்தான் போனை வைக்குது. காரணம், அவர் சொன்ன இந்த ஒரு வார்த்தை: “அது மிஷினா இருந்துட்டுப் போவட்டும், பதில் சொல்லாம வெச்சா எனக்கில்ல மரியாதைக் கொறைச்சல்!”

பாத்துச்சா?

இதுக்கு நடுவுல ஸ்டெல்லாவுக்கு நிஜமாவே வேலை வந்துடுச்சு. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு ஃபேக்டரி, அடுத்த மாசம் சேரணும். அவ வீட்டுல கஷ்டம் எனக்குத் தெரியும். போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எங்க நிலைமையும் அப்படித்தான். ஆசையா வாங்கறாங்க, கொஞ்ச நாள்ல ‘ஒத்து வரல’ன்னு பாதிப் பொட்டி திரும்பி வந்துடுது. ஏன்னு கேட்டா யாரும் வாயைத் தொறக்கறதில்ல. “போறதுக்குள்ள ஒரு பொட்டியாவது வெச்ச இடத்துல நிக்கட்டும் வெண்ணிலா. நின்னா நானும் நிக்கறேன்”னு சொல்லிட்டா. அவ போயிட்டா கம்பெனி இல்ல. பொட்டியைத் தொறந்தா எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியும், எதையும் ஒட்டத் தெரியாது.

அந்த வாரம் திருவாமாத்தூர்ல ஒருத்தர் கிணத்துல மாட்டினோம். அவர் வீட்டு வாசல்ல உக்காந்து போன் போட்டார். “மோட்டார் ஓடுதுங்க”ன்னு குரல் வந்துச்சு. மனுஷன் உடனே எழுந்து வண்டியை எடுத்துக்கினு கிணத்துக்குக் கிளம்பிட்டார். எதுக்குங்க போறீங்க, போக வேணாம்னுதானே பொட்டின்னு நான் பின்னாடியே ஓடினேன். போனா, மோட்டார் சும்மா ஓடிக்கினு இருக்கு, பைப்புல பொட்டுத் தண்ணி இல்ல. காத்து வாங்கிட்டிருக்கு. அவர் மோட்டாரை நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பாத்து நிதானமா கேட்டார்: “ஓடுதுன்னு சொல்லுது சரி, தண்ணி கொட்டுதான்னு பாத்துச்சா?”

ஒரே மோட்டார், ரெண்டு போன்

பைப்புல தண்ணி கொட்டுதான்னு பாக்கற சென்சாரையும் சேத்து, அடுத்த பொட்டியைக் கோலியனூர் பக்கம் ஒரு கிராமத்துல மாட்டினோம். மூணு அண்ணன் தம்பிங்களுக்குப் பங்குக் கிணறு. மூத்தவர் தவறிட்டார், அவர் பங்கு அவர் சம்சாரம் கஸ்தூரிக்கு. அடுத்தவர் தனசேகர். கடைசி ஏழுமலை. முறை வெச்சுத் தண்ணி பாய்ச்சறாங்க. கொல்லைன்னா எங்க பக்கம் வயல், மல்லாட்டைன்னா வேர்க்கடலை; மூணு கொல்லையிலயும் மல்லாட்டை, பூ எடுத்து விழுது இறங்கற நேரம். இப்ப தண்ணி காட்டலேன்னா காய் பிடிக்காது.

ரெண்டே நாள்ல போன். ஓடிப் போய்ப் பாத்தா மோட்டார் காயில் கருகிக் கிடக்கு. ஏழுமலை போன் போட்டு ஓட்டியிருக்கார், தனசேகர் போன் போட்டு நிறுத்தியிருக்கார். அவர் ஓட்ட, இவர் நிறுத்த, இவர் ஓட்ட, அவர் நிறுத்த. முன்னல்லாம் சண்டை போடணும்னா கொட்டாய் வரைக்கும் நடக்கணும்; அதுக்குள்ள பாதிக் கோவம் இறங்கிடும். நாங்க வந்து அந்த சிரமம் இல்லாம பண்ணிட்டோம். இதுல கஸ்தூரியம்மாவுக்கு அவங்க முறையே வரல. வரப்புல குனிஞ்சு வாடின செடியைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு இருந்தாங்க. தனசேகர் கத்தின கத்துல கொக்கெல்லாம் பறந்துடுச்சு: “வூட்டுக்குள்ள இருந்த பேஜாரைப் பொட்டி வெச்சு ஊருக்கே காமிச்சுட்டீங்களேம்மா, மொதல்ல ஜல்தியா கழட்டுங்க இதை!”

குளுகுளு ரூம்ல

காயிலை மாத்திக் குடுத்தோம். ஒரு வாரம் பொறுத்துக்குங்க, அப்பவும் சரி வரலேன்னா கழட்டிடறோம்னு கையெடுத்துக் கும்பிட்டு வந்தோம். மறுநாள் சென்னையில முதலீட்டாளர் ஒருத்தரைப் பாக்கறதா ஏற்கெனவே ஏற்பாடு. ரூம்ல ஏசி, மேஜையில பாதாம். நான் மறைக்காம நடந்ததைச் சொன்னேன். பாதிப் பொட்டி ஏன் திரும்பி வந்துச்சுன்னு இப்பத்தான் புரிஞ்சுது சார், எல்லாம் பங்குக் கிணறு, பங்காளிச் சண்டையை யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க, அதுக்குத்தான் இப்ப வழி பண்ணப் போறோம்னேன்.

அவர் நல்ல மனுஷன்தான். ஆனா அவர் பொறந்ததுல இருந்து குழாயில தண்ணி பிடிச்சவர். எங்க பக்கம் தனிக் கிணறு வெச்சிருக்கறவனை விரல் விட்டு எண்ணிடலாம்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. ஸ்டெல்லா மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சதால சும்மா இருந்தேன். அவர் ஒரு பாதாமை வாயில போட்டுக்கிட்டு அன்பாத்தான் சொன்னார்: “அதெல்லாம் எங்கயோ ஒண்ணு ரெண்டு நடக்கறது மேடம், அதுக்காக ப்ராடக்டை மாத்தாதீங்க.”

திண்டிவனம் பஸ்ஸுல

திரும்பி வர்ற வழி பூரா நான் அவரைத் திட்டிக்கினே வந்தேன். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கினு இருந்தா. மேல்மருவத்தூர் தாண்டினதும் என் பக்கம் திரும்பினா. அவ வீட்டுக்குச் சொந்தமா ஒரு சென்ட்டு நிலம் கிடையாது. அவங்கம்மா அடுத்தவங்க கொல்லையில களை எடுத்துத்தான் அவளைப் படிக்க வெச்சாங்க. எங்க வீட்டுக்கு நிலமும் இருக்கு, பங்குக் கிணறும் இருக்கு, அதுல எங்கப்பாவும் சித்தப்பாவும் பேசிக்காததும் இருக்கு. அப்படிப்பட்ட நான்தான் கம்ப்யூட்டர்ல ‘ஒரு கிணறு, ஒரு ஓனர்’னு எழுதி வெச்சிருந்தேன். ஸ்டெல்லா ஒரு கேள்விதான் கேட்டா: “அவரை வுடு, கிணத்துக்கு ஒரே ஓனர்னு உனக்கு எந்த ஊர்லடி சொல்லிக்குடுத்தாங்க?”

கஸ்தூரி முறை

அந்த வாரம் நாங்க சோறு தண்ணி பாக்கல. பொட்டிக்கு முறை சொல்லிக்குடுத்தோம். யார் முறையோ அவங்க போனுக்கு மட்டும்தான் மோட்டார் கேக்கும். ஒருத்தர் முறையில கரண்டு போச்சுன்னா, போன நேரத்தைப் பொட்டி ஞாபகம் வெச்சிருந்து அவங்களுக்கே திருப்பிக் குடுக்கும். அவசரத்துக்கு ஒருத்தர் முறையை இன்னொருத்தர் கைமாத்தாவும் வாங்கிக்கலாம், ஆனா குடுக்கறவங்க போன்ல சரின்னு அமுக்கணும். பொட்டியைத் தாண்டி யாராவது கையால மோட்டாரைப் போட்டா, பங்குக்காரங்க அத்தினி பேருக்கும் போன் போயிடும். ஸ்டெல்லா திரும்பவும் போர்வைக்குள்ள பூந்து குரல் குடுத்தா.

கஸ்தூரியம்மா முறை அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் கிணத்து மேட்டுல நின்னோம். தனசேகர் வந்தார், பழக்கதோஷத்துல போனைப் போட்டார். “இப்ப கஸ்தூரியம்மா முறைங்க”ன்னு பொட்டி சொல்லிச்சு. மனுஷன் முறைச்சுட்டு நேரா கொட்டாய்க்குள்ள போய்க் கையால சுவிட்சைப் போட்டார். அந்த நிமிஷமே கொல்லையில இருந்த ஏழுமலை போன் அடிக்குது, கஸ்தூரியம்மா போன் அடிக்குது, தனசேகர் சட்டைப் பாக்கெட்லயே அவர் போனும் அடிக்குது. மூணு பேரும் ஸ்பீக்கர்ல போட, ஸ்டெல்லா குரல் சத்தமா வந்துச்சு: “யாரோ கையால மோட்டார் போட்டுட்டாங்க, இப்ப கஸ்தூரியம்மா முறைங்க.” பக்கத்துக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தவங்கல்லாம் நிமிர்ந்து பாத்தாங்க. தனசேகர் சுவிட்சை அணைச்சுட்டு வெளியில வந்தார். அப்புறம் மெதுவா, “அண்ணி, உங்குளுது பாஞ்சதும் மீதி நேரத்தைக் கைமாத்தா எனக்கு வுடறீங்களா? அடுத்த முறையில தந்துடறேன்”னார். கஸ்தூரியம்மா போனைக் கையில எடுத்தாங்க. “மொதல்ல என் செடி குடிக்கட்டும். அப்பால வுடறேன்”னு சொல்லிட்டு அவங்க போன்ல மோட்டாரைப் போட்டாங்க. வாய்க்கால்ல தண்ணி நுரைச்சுக்கினு வந்து அவங்க கொல்லைக்குள்ள திரும்பிச்சு. சொன்னாப்பலயே, பாஞ்சு முடிஞ்சதும் சரின்னு ஒரு அமுக்கு அமுக்கி மீதியை விட்டும் குடுத்தாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு, வெக்கமில்லாம சொல்றேன். ஸ்டெல்லா பொட்டி மேல கையை வெச்சுக்கினு நின்னா. கஸ்தூரியம்மா அவகிட்ட வந்து சொன்னாங்க: “அவரு போனதுல இருந்து என் முறைன்னு வாயால சொல்ல ஒரு ஆளு இல்ல பாப்பா, இன்னிக்கு நாலு கொல்லை கேக்கற மாதிரி உன் கொரலு சொல்லிச்சு.”

ஸ்டெல்லா அந்த வரப்புல நின்னே ஃபேக்டரிக்கு போன் போட்டு, “நான் வரலைங்க சார், எனக்கு இங்க வேலை இருக்கு”ன்னு சொல்லிட்டா. அந்தப் பொட்டி இன்னும் அதே கொட்டாயிலதான் நிக்குது. தனசேகரே அவர் மச்சான் ஊருக்கு எங்களைக் கூட்டிக்கினு போனார். மயிலம், விக்கிரவாண்டி பக்கமெல்லாம் இப்ப எங்க பொட்டி நிக்குது, அத்தினியும் பங்குக் கிணறு. திண்டிவனத்துல செஞ்சதுன்னு பொட்டி மேல பெரிய எழுத்துல அச்சடிச்சிருக்கோம், வந்தா பாருங்க.

ஆக மொத்தம், எங்க கம்பெனியோட எதிர்காலம் இப்போதைக்கு இந்த ஜில்லாவுல அண்ணன் தம்பிங்க யாரும் திடீர்னு ராசியாகிடாம இருக்கறதுலதான் இருக்கு.