கம்பம் நட்ட தெருவில் வெந்த மீன்

எங்கள் தெருவில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கி ஆற்றில் விடும் வரை எந்த வீட்டிலும் கவிச்சி கிடையாது. கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. தாளிப்பதுகூட இல்லை. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் தலை நீளும். அப்படிப்பட்ட நாட்களில், பட்டப்பகலில், என் வீட்டு வாசலில் செங்கல் வைத்து மீன் வேகவைத்தவள் நான். ஏதோ ஒரு நாள் அவசரத்துக்குச் செய்ததும் இல்லை. ஒரு தெரு நாய்க்கு வயிறு சரியாகும் வரை தினமும் செய்தேன். இன்றைக்கும் யாராவது ஜாடை பேசினால், ஆமாம், நான்தான் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

குமாரபாளையத்தில் எங்களுடையது தறிக்காரத் தெரு. முன்னால் வீடு, பின்னால் தறிக்கொட்டகை, நடுவில் ஆள் போக ஒரு சந்து. அந்த நாய் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. படுப்பது மட்டும் எங்கள் வாசலில், மொபெட்டின் நிழலில். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. எல்லாப் பெயருக்கும் வாலாட்டும். பக்கத்து வீடு என் கணவரின் அண்ணனுடையது; நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கோவில் கமிட்டித் தலைவரும் அவர்தான். ஒருமுறை அவருடைய கொட்டகையில் மோட்டாரைக் கழற்றித் திருட வந்தவனைக் குரைத்தே ஊரைக் கூட்டிப் பிடித்துக் கொடுத்தது இந்த நாய். அன்றைக்கு அவரே அதன் தலையைத் தடவி, நம்ம தெருப் பிள்ளை என்று சொன்னார்.

பூச்சாட்டுக்கு முந்தின நாள் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். இனிமேல் உலகத்தில் கறியே கிடைக்காது என்பதுபோல எல்லா வீட்டிலும் மட்டனும் கோழியும் கொதிக்கும். பொழுது சாய்வதற்குள் சட்டிகள் காலியாக வேண்டும், ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்தாக வேண்டும். எங்கள் பக்தி ஃபிரிட்ஜில் இருந்துதான் ஆரம்பிக்கும். மிஞ்சியதெல்லாம் எங்கே போகும்? நாய்க்குத்தான். கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு, எண்ணெய் மிதக்கிற குழம்பு, கடித்துப் போட்ட எலும்பு, என்றைக்கோ வாங்கி மூலையில் கிடந்த பிரியாணி. அன்று வாசல் வாசலாக அதற்கு விருந்து. எங்கள் வீட்டுச் சட்டியை வழித்துப் போட்டதும் அதில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று நினைத்ததோ என்னவோ, அது ஒரு வாசலிலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் காலையில் பம்பை அடித்துக் கம்பம் நட்டார்கள். தெருவே மஞ்சள் சேலையில் நின்றது. நாய் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் பேதியில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்கள்.

மாமா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“முனிசிபாலிட்டி வண்டிக்குச் சொல்லியுடுங்கப்பா. கம்பத்துக்கிட்டக் கெடந்து செத்துக்கித்துப் போச்சுன்னா தீட்டாயிரும்.”

அது அப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் நுனி மட்டும் மண்ணில் ஒரு தட்டுத் தட்டியது. வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் அது திரும்பி வராது. உயிரோடு இருப்பதைக் குப்பையில் சேர்க்க இவர்கள் யார்? கையில் இருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய்க் கணவரைக் கூப்பிட்டேன். அவர் தறியை நிறுத்திவிட்டு வந்தார். ஒரு பழைய போர்வையில் நாயைச் சுருட்டி, மொபெட்டில் நடுவில் வைத்துக்கொண்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா வெளியூர்க்காரி, சின்ன வயசு. வயிற்றை அழுத்திப் பார்த்து, ஊசி போட்டு, தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். சாப்பிட ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கஷ்டம் என்று நேராகவே சொன்னார்.

“கோழி, முட்டை, பால் எதுவும் இப்போதைக்கு வேணாம்மா. மீனை வெறும் தண்ணில வேகவெச்சு, முள்ளெல்லாம் எடுத்து, குழைஞ்ச சோத்துல பிசைஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. எண்ணெய், காரம், வெங்காயம், பூண்டு ஆகாது. உப்புகூடப் போடாதீங்க.”

“எங்க தெருவுல கம்பம் நட்டிருக்குதுங்க டாக்டர்” என்றேன்.

“அது உங்களுக்கு. நாய்க்கு யாரும்மா காப்புக் கட்டினாங்க?”

வீட்டுக்கு வந்து முதலில் வெறும் கஞ்சி வைத்துப் பார்த்தேன். வெறும் சோற்றைக் குழையப் பிசைந்தும் வைத்துப் பார்த்தேன். மோந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு வாசனை வேண்டும். வாசனை இல்லாமல் வாயைத் திறக்காது என்று தெரிந்துவிட்டது.

கணவர் மெதுவாக ஒரு வழி சொன்னார். எங்கள் தெரு ஆண்களுக்குப் பழக்கமான வழிதான் அது. கம்பம் நட்ட நாட்களில் நாக்கு தாங்காதவர்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, பாக்குப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். அங்கே நம் காப்புச் செல்லாதாம். அம்மனின் பார்வை பாலத்தின் பாதியோடு நின்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம். நாயையும் அந்தக் கரைக்குக் கொண்டுபோய் ஊட்டிவிட்டு வரலாம் என்றார் இவர். நிற்கவே முடியாத ஜீவனை வேளா வேளைக்கு வண்டியில் குலுக்கிக்கொண்டு போகவா? முடியாது என்றேன். மீனை மட்டும் அங்கே போய் வாங்கி வரச் சொன்னேன்.

மாமாவின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சந்து வழியாக வந்து காதோடு சொன்னார்.

“உள்ள கேஸ்ல வெச்சுக் கதவச் சாத்திக்க கண்ணு. நாலு பத்தியப் பொருத்தி வெச்சா யாருக்குத் தெரியப் போவுது?”

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. மாவிளக்குக்கு மாவு இடிக்கிற வீட்டுக்குள் கவிச்சி வேண்டாம் என்று நானும்தான் நினைத்தேன். எனக்கும் காப்பு உண்டு, பயமும் உண்டு. அம்மனுக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்துகிற கூத்துதான் எனக்கு ஆகாது. பின்னால் கொட்டகையில் பஞ்சு பறக்கிறது, அங்கே நெருப்பை வைக்க முடியாது. மிச்சம் இருந்தது வாசல். வாசலிலேயே வைத்தேன்.

மூன்று செங்கல், கொஞ்சம் விறகு, ஓரமாகக் கிடந்த பழைய அலுமினியச் சட்டி. கணவர் கறுப்புக் கவரில் மீனைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, விடுவிடுவென்று கொட்டகைக்குள் போய்விட்டார். பயந்துகொண்டார் என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவர் காதில் விழுந்திருக்காது.

அடுப்பின் முன்னால் உட்கார்ந்தால் கை தானாக உப்பு டப்பாவைத் தேடுகிறது. புளி கரைக்காமல், மிளகாய் அரைக்காமல் மீனை நான் பார்த்ததே இல்லை. புளியும் மிளகாயும் மீனுக்குச் செய்து வந்த உபகாரம் என்ன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெறும் தண்ணீரில் வெந்த மீனுக்கு அப்படியொரு வாடை. தெருவின் இந்தக் கோடியில் இருந்து கோவில் வரைக்கும் அது நடந்து போயிருக்கும். நான் எழுந்து போகவில்லை. ஆறவைத்து, ஒவ்வொரு துண்டாக விண்டு, கண்ணுக்குத் தெரியாத முள்ளை விரல் நுனியால் தடவித் தடவி எடுத்தேன். தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, “அடச் சாமி, நாய்க்காடி இத்தன பாடு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். நாய்க்குத்தான் என்றேன்.

சோற்றோடு பிசைந்து வாய்க்கருகில் கொண்டு போனேன். மூக்கு அசைந்தது. நாக்கை நீட்டி விரலை நக்கியது. அப்புறம் ஒரு வாய் வாங்கியது. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது. இன்னொரு வாய். அதற்குமேல் கொடுக்காமல் நிறுத்தினேன், டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். வாங்கியது உள்ளே தங்கியது, வாந்தி இல்லை.

அதற்குள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் என் அடுப்பின் படம் வந்துவிட்டது. கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். மறுநாள் மீன் வெந்துகொண்டிருக்கும்போதே மாமா வந்தார், பின்னால் கமிட்டிக்காரர்கள் சிலர்.

“ஏம்மா, என்ன பண்ணிட்டிருக்கற நீயி, கம்பம் நட்டிருக்கற தெருவுல?”

“நாய்க்கு மீன் வேகவெக்கறனுங்க மாமா.”

“அது தெரியுது. நாளைக்கு ஒரு கொழந்தைக்கு அம்மை போட்டா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றனுங்க. இதுக்கு வவுறு கெட்டதுக்கு யாருங்க மாமா பதில் சொன்னாங்க? உங்க ஊட்டுக் கறியும் எங்க ஊட்டுக் கறியும் தின்னுதானுங்க இது இப்படிக் கெடக்குது. போடறப்ப மட்டும் எல்லாரும் ஓடியோடிப் போட்டோம். அம்மன் பேரச் சொல்லித்தானுங்க அன்னைக்குச் சட்டியக் கவுத்தோம். அம்மன் வந்து கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

கமிட்டிக்காரர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். அவர் வீட்டுப் பிரியாணிதான் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சந்தில் வந்து நின்ற என் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏன்டா, உம்பட ஊட்டுல உம்பட பேச்சு எடுபடுமா, எடுபடாதா?”

இவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் துண்டால் தட்டிக்கொண்டார். அண்ணன் எதிரில் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லாத மனுஷர். அன்றும் உயர்த்தவில்லை.

“மீன் வாங்கிட்டு வாரதே நான்தானுங்கண்ணா. நாளைக்கும் வாங்கலாம்னுதான் இருக்கறேன்.”

நான் தலையைக் குனிந்து அடுப்பை ஊதினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகை ஒரு சாக்காகக் கிடைத்தது.

“அப்படீன்னா இந்த வருசம் உங்க ஊட்டு வரி வாங்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கோவில் வரி வாங்காத வீடு திருவிழாவில் இல்லாத வீடு. மாவிளக்கு வரிசையில் இடம் கிடையாது. அம்மன் வீதி வரும்போது அந்த வாசலில் நிற்காது. கடைசி நாள் மஞ்சள் நீராட்டில், ஒருத்தரும் அந்த வீட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். வாழ வந்த நாளில் இருந்து ஒரு வருஷம்கூட நான் மாவிளக்கு எடுக்காமல் இருந்ததில்லை. வலிக்கத்தான் செய்தது. வலிக்கிறதே என்று அடுப்பை அணைக்கிற ரகமில்லை நான்.

காலையில் குளித்து, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கம்பத்துக்கு வழக்கம்போலப் போனேன். பெண்கள் விலகி நின்றார்கள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் வரி ரசீது கேட்பதில்லை. ஊற்றினேன், கும்பிட்டேன், திரும்பி வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மீனைக் கழுவ உட்கார்ந்தேன். தினமும் இப்படியேதான். கம்பமும் நனைந்தது, மீனும் வெந்தது. எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் வரவில்லை.

நாய் முதலில் தலையைத் தூக்கியது. பிறகு உட்கார்ந்தது. அப்புறம் ஒரு நாள், நான் முள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்து சட்டிக்குள் மூக்கை விட்டது. அதட்டினேன். அதட்டிவிட்டுச் சிரித்தேன். அம்மன் எங்கள் வாசலில் நிற்காமல் போன நாளிலும் அது மீன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

கம்பத்தைப் பிடுங்கிய மறுநாள் மஞ்சள் நீராட்டு. டிரம் டிரம்மாக மஞ்சள் தண்ணீரை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கூட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்களை வெளியே இழுத்து ஊற்றினார்கள். நானும் இவரும் வாசலில் நின்றோம். அக்கா தொப்பலாக நனைந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் சத்தம் குறைந்தது. சிலர் எங்களைப் பார்த்தார்கள், பிறகு மாமாவைப் பார்த்தார்கள். வண்டி நிற்காமல் நகர்ந்தது. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் இருவர் மேலும் ஒரு சொட்டு விழவில்லை.

நாய் படுத்திருந்த இடத்தைப் பார்த்தேன், காணோம். கூட்டத்தின் பின்னால் அது குரைக்கிற சத்தம் கேட்டது. காய்ச்சலில் இருந்து எழுந்த பிள்ளைபோல மெலிந்த காலோடு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் திருப்பத்தில் மறைந்த பிறகு திரும்பி வந்தது. காதில் இருந்து வால் வரைக்கும் மஞ்சள். ஒரு குடமே கவிழ்த்திருக்கிறார்கள். யார் ஊற்றினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

நேராக எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, உடம்பை ஒரு உதறு உதறியது. இவர் வேட்டியில், என் சேலையில், முகத்தில், சுவரில் எல்லாம் மஞ்சள். இவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வா என்றார்.

நான் மாற்றவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள், கூட்டம் போன பக்கமாகவே தெருவில் நடந்தேன். நாயும் கூட வந்தது. கமிட்டித் தலைவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.