பாலத்து விழாவில் ஆறு தெரிந்த படம்

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளெல்லாம் மறியலில் கிடந்த காலம். திருக்கோவிலூரில் தென்பெண்ணைப் பழைய பாலத்துக்கு ஆண்டு விழா எடுக்க அந்த நேரம்தான் வாய்த்தது. பாலத்துக்கு அவசரமில்லை, விழாக் கமிட்டிக்குத்தான் அவசரம்.

நான் அப்போது ஒரு போட்டோ ஸ்டுடியோவில் உதவியாள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எதிரே நாலு பேர் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலாளி பாய் காய்ச்சலில் படுத்துவிட்டதால் முதல்முறையாகக் கேமரா என் கைக்கு வந்தது.

"பாலத்து மேல நின்னு ஆத்தங்கரைய புடிச்சிக்கினு வா. கோபுரம், படித்துறை, தண்ணி எல்லாம் தெரியணும். விழா மலர்ல முழுப் பக்கம் போடுறாங்க. தெரியலைன்னா திரும்ப பிரிண்ட் கழுவப் போயிடு, கேமராவ தொடாத," என்றார்.

எங்கோ மேலே பெய்த மழையில் ஆற்றில் அதிசயமாகத் தண்ணீர் ஓடியது. விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர்தான் வரவில்லை. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் மறியலுக்காகச் சாலையில் வெட்டிப் போட்ட புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாராம். கமிட்டிக்காரர்களுக்கு வேலையில்லாமல் போகவே, எனக்கு உதவ வந்தார்கள். பாலத்தின் இந்த ஓரத்தில் நான். எதிர் ஓரத்துக் கைப்பிடிச் சுவரை மறைத்துக்கொண்டு, கஞ்சி போட்ட வேட்டிகளில் அவர்கள். ஆறு அவர்கள் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது.

‘கொஞ்சம் தள்ளுங்க’ என்பதைத் தொண்டைவரை கொண்டுவந்தேன். அது அங்கேயே தங்கிவிட்டது.

"நாங்க இல்லாம பாலத்துக்கு இன்னாப்பா அழகு? புடி," என்றார் கமிட்டித் தலைவர்.

பிலிமை நகர்த்தாமல் ப்ளாஷை மட்டும் அடித்தேன்; படம் விழாது. கல்யாண வீடுகளில் விடாமல் நச்சரிப்பவர்களுக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது. பட்டப்பகலில் ப்ளாஷ் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளிச்சம் தங்கள்மேல் விழுந்தால் போதும் அவர்களுக்கு.

"இன்னும் ஒண்ணு புடி. ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான்."

அப்போது பாலத்தின் ஒரு முனையில் கோஷம் கேட்டது. மறியல்காரர்கள் கொடிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். பாலத்தின் உறுதியைப் பற்றிப் பேச வந்த கமிட்டி, அதன் நீளத்தை ஒரே ஓட்டத்தில் அளந்துவிட்டு மறுமுனையில் மறைந்தது.

வந்தவர்கள் நடுப்பாலத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் என்னிடம் வந்தார்.

"டேய், போலீசுக்கா புடிக்கிற? பிலிம உருவு."

கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"உருவுறது அப்பறம் உருவலாம். மொதல்ல நம்மள ஒண்ணு புடிக்கட்டும்ணே," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"போலீசுக்குப் போச்சுன்னா?"

"போவட்டும். நாம இன்னா ஒளிஞ்சிக்கினா உக்காந்திருக்கோம்? டேய், அந்தச் சீப்பக் குடு."

கேமரா வழியாகப் பார்த்தேன். தலை வாரிய வரிசைகள். அவர்கள் தலைகளுக்கு மேலே கைப்பிடிச் சுவர். அதற்கும் அப்பால் தண்ணீர், படித்துறை, கோபுரம். உட்கார்ந்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. இந்த முறை பிலிம் நகர்ந்தது. எடுத்து முடித்ததும் அவர்களும் பிலிமை மறந்து, "எனக்கொரு படம்" என்று மொய்த்துக்கொண்டார்கள்.

கமிட்டிக்கு அதைத் தவிர வேறு படமில்லை. மலரில் முழுப் பக்கம் போட்டுவிட்டார்கள். கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘விழாவில் ஆர்வத்துடன் அமர்ந்திருக்கும் பொதுமக்கள்.’ கொடிகளைத் தோரணம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாய் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீ வாயே தொறக்க மாட்டியே. இத்தினி பேர எப்பிட்றா உக்கார வெச்ச?"

நான் பிரிண்ட் கழுவத் திரும்பினேன். அடுத்த முகூர்த்தத்துக்கும் கேமராவை என்னிடமே கொடுத்தார்.