சங்கச் சண்டைக்கு வாடகைக்குப் போன சுவிஸ்காரன்

சுவிஸ் என்றால் சாக்லேட், மணிக்கூடு, கழுத்தில் மணி கட்டிய மாடு. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மட்டன் ரோல் தின்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் அருந்தவனுக்கு அங்கே ‘சுவிஸ்’ என்று பெயர் விழுந்தபோது ஒருவரும் பயப்படவில்லை. இத்தனைக்கும் ஆள் ஆறடி. கழுத்து என்று ஒன்று கிடையாது. தலையை நேரே தோளில் வைத்து அமத்தியது போலிருக்கும்.

“சுவிஸிலை எங்கை ஐசே சண்டை?” என்று, அவன் படையில் இருந்தவன் எனக் கேள்விப்பட்ட கௌரிசங்கர் அங்கிள் வாயில் ரோலோடு கேட்டார்.

“அங்கை இல்லை அங்கிள். வெளியிலை போய்ச் செய்யிறது. ஏற்றுமதி.”

அது பகிடி இல்லை. அருந்தவன் பேர்ண் நகரத்தில் வளர்ந்தவன். சாக்லேட்டுக்கு முன்னால் அந்த நாடு ஏற்றுமதி செய்தது ஆம்பிளைகளைத்தான் என்று அவனுடைய வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். மலையில் சாப்பாடு போதாது; ராஜாக்களுக்கு ஆள் போதாது. பிரான்ஸுக்கும் ஒல்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கூலிக்குப் போனார்கள். நீண்ட ஈட்டியோடு கூட்டமாக வந்து, சரணடைந்தவனையும் குத்திவிட்டுப் போவார்கள் என்று பெயர் எடுத்தார்கள். மால்ப்லாக்கே என்ற இடத்தில் பிரான்ஸுக்கு ஒரு சுவிஸ் படை, ஒல்லாந்துக்கு ஒரு சுவிஸ் படை. பேர்ணின் ஒரே குடும்பத்து ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்தார்கள். வகுப்பே வாயைப் பிளந்தது. அருந்தவன் மட்டும், ‘இவங்களும் எங்கடை ஆக்கள்தான்’ என்று நினைத்துக்கொண்டான்.

இருபது வயதில் அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு ரயில் ஏறி, வெளிநாட்டுக்காரரைச் சம்பளத்துக்குச் சேர்க்கிற பிரான்ஸின் அந்நியர் படையில் சேர்ந்தான். மாலி நாட்டு மலையில், ஒரு குகை வாசலில், துப்பாக்கி இறுகிக்கொண்டது. எதிரே வந்தவனைக் கையாலேயே முடித்தான். கழுத்து நெரிபடும்போது வருகிற சத்தம் அவ்வளவு பெரிதில்லை. முடிந்த பிறகு முகத்தைப் பார்த்தான். அது தேவையில்லாத வேலை.

படையை விட்டு வந்தபோது பேர்ணுக்குப் போக முடியவில்லை. அந்நிய ராணுவத்தில் சேர்ந்த சுவிஸ்காரனுக்கு இப்போது அங்கே சிறை. பாப்பரசரின் வாசலில் காவல் நிற்க மட்டும் விலக்கு உண்டு. சைவப் பிள்ளைக்கு அதுவும் சரிவராது. அதனால் சிட்னி நர்ஸ் யோகாவைக் கட்டிக்கொண்டு டூங்கபிக்கு வந்து செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தான். யோகாவின் தம்பி சிவமணியையும் அதே வேலைக்கு இழுத்துவிட்டான். யோகா ஒன்றுதான் சொன்னாள்:

“அவன்ரை எலும்பு ஒண்டு நொறுங்கினாலும் நீங்கள் வீட்டுக்கு வராதேங்கோ.”

அப்படியிருக்கத் தமிழ்ச் சங்கத்துக் கூட்டம் வந்தது. புது மண்டபத்துத் திறப்புக் கல்லில் யாருடைய பெயர் முதலில் என்று சங்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. தலைவர் வரதராஜா மேடையைக் காக்க அருந்தவனைப் பிடித்தார். வெள்ளைக்காரன் என்றால் அன்ரிமாரைத் தள்ளிவிடுவான், தமிழ்ப் பிள்ளை என்றால் மரியாதை தெரியும் என்பது அவருடைய கணக்கு. அதே கணக்கைப் போட்டு, மேடையைப் பிடிக்க எதிர்க்கட்சித் தலைவரான கௌரிசங்கர் அங்கிள் சிவமணியைப் பிடித்தார். இருவரும் அத்தான் மச்சான் என்பதை இரண்டு பெரிய மனிதரும் விசாரிக்கவில்லை.

குசினியில் நின்று மச்சான்மார் ஒப்பந்தம் போட்டார்கள்.

“நான் தள்ளுவன், நீ விழு,” என்றான் அருந்தவன்.

“ரெண்டு தரம் விழுறன் அத்தான். காசுக்கு வஞ்சகம் செய்யக் கூடாது.”

ஞாயிறு மத்தியானம். விளக்கேற்றி, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கதிரை பறந்தது. சிவமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடைக்கு வந்தான். அருந்தவன் தள்ளினான். அவன் அழகாக விழுந்தான், யாரோ “ஐயோ பிள்ளை!” என்று அலறியது அவனுக்கு உற்சாகத்தைக் கொடுத்தது. எழும்பித் திரும்ப வந்தான்.

அந்த நேரம் பார்த்து, எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை எவனோ தூக்கி அருந்தவனின் பின்மண்டையில் போட்டான்.

மண்டை பிளந்தது. சுடு எண்ணெய் இரத்தத்தோடு கலந்து முதுகில் இறங்கியது. அதற்குப் பிறகு அங்கே சங்கம் இல்லை, மண்டபம் இல்லை. பின்னால் நின்றவனின் மூக்கில் அவனுடைய முழங்கை இறங்கியது; பல்லொன்று மைக்கில் பட்டுத் தெறித்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. வேட்டியோடு வந்த ஒருவர் மேடையிலிருந்து கீழே போனார். முன்னால் நீண்ட கையைப் பிடித்துத் திருகினான். பச்சை மரம் முறிகிற மாதிரி முறிந்தது. அந்தக் கைக்குரியவனைத் தரையில் போட்டு, முழங்காலை நெஞ்சில் ஊன்றிக் கழுத்தைப் பிடித்தான்.

“அடி! விடாதை!” என்று வரதராஜா கத்தினார்.

கீழே கிடந்தவன் திமிறவில்லை. முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அந்தக் கோலத்திலும் ஒரு கண்ணை மூடித் திறந்தான். கண்ணடித்தான். கை முறிந்ததைக்கூட அத்தான் கொஞ்சம் கூடுதலாக நடிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு, ஒப்பந்தப்படி விழுந்து கிடந்தான்.

அருந்தவன் கையை எடுத்தான். சிவமணிக்கு மூச்சு திரும்பியது; வாந்தியும் கூடவே வந்தது. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். இரண்டு கட்சிக்காரரும் அவன் முதுகில் கதிரையால் சாத்தினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர்கள் இருவரும் பின்கதவால் ஒரே காரில் ஏறி ஓடிவிட்டிருந்தார்கள்.

“கடைசிப் பகுதி கொஞ்சம் ஓவர் அத்தான்,” என்றான் சிவமணி, காரில். குரல் கரகரத்தது.

அருந்தவன் காரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான்.

“அக்காட்டை மேடையாலை விழுந்தனான் எண்டு சொல்லுறன்.”

“வேண்டாம்.”

“உங்களை வீட்டுக்குள்ளை விடமாட்டா.”

“தெரியும்.”

அவசரப் பிரிவில் யோகாதான் வேலையில் இருந்தாள். தம்பியின் கையைப் பார்த்தாள். “ஆர் செய்தது?”

“மேடை...” என்று தொடங்கினான் சிவமணி.

“நான்,” என்றான் அருந்தவன்.

அவள் தம்பியின் தாடையை நிமிர்த்தினாள். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அவளுக்குத் தெரியாத கையா அது. பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

“வீட்டுச் சாவி.”

கொடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“மண்டைக்குத் தையல் போடோணும். அதிலை இருங்கோ, கூப்பிடுவினம்.”

“நீ போடமாட்டியா?”

“மாட்டன்.” தம்பியின் கையைத் துணியில் ஏந்திக் கட்டினாள்.

“அக்கா, அப்ப அவர் எங்கை படுக்கிறது?” என்றான் சிவமணி.

“உன்ரை வாடகை அறையிலை. உன்ரை வலக்கை உடைஞ்சுதானே கிடக்கு. அது பொருந்துமட்டும் அவரே சமைச்சு, அந்தக் கையாலையே உனக்குத் தீத்தி விடட்டும்.”

அத்தானின் சமையலைச் சிவமணி ஏற்கெனவே ஒருதடவை தின்றிருந்தான். அன்றைக்கு முதன்முதலாக அவன் முகத்தில் உண்மையான பயம் தெரிந்தது.